இரண்டு மடக்குத் தண்ணீர்

"இன்னாம்மா செல்வி! பால் தீஞ்சு தெருக்கோடி வரைக்கும் நாறுது. நீ பாட்டுக்குக் குந்திகினு பேன் பாத்துகினு கீற!"

பக்கத்து போர்ஷன் பாப்பம்மாள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து கத்திய பிறகுதான் மாரிசெல்வி திரும்பிப் பார்த்தாள். மடியில் மூன்று வயது மகள் கனிஷ்கா தலையைக் கொடுத்துவிட்டு அரைத் தூக்கத்தில் கிடந்தாள். முதுகுக்குப் பின்னால் அடுப்பில் பால் சட்டி கருகி, அடி சிவந்து, புகை கூரையைத் தொட்டிருந்தது. மாரிசெல்வி எழுந்து போய் ஸ்டவ்வை அணைத்தாள். மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தாள். புகை தொண்டையில் கரித்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. வாடை மட்டும் வரவில்லை.

"சளிக்கா," என்றாள். "மூக்கு அடைச்சிக் கெடக்கு."

"ஜுரம் வுட்டு மாசம் ஆவுது, இன்னும் இன்னா சளி? மருந்து வாங்கித் துன்னு. கேஸு கீஸு கசிஞ்சா எல்லாரும் சேந்து போய்ச் சேரணும்."

பாப்பம்மாள் போனதும் மாரிசெல்வி கதவைத் தாழிட்டாள். மாமியார் கொடுத்துவிட்ட நெத்திலிக் கருவாட்டு டப்பாவைத் திறந்து மூக்கை உள்ளே விட்டாள். கற்பூரத்தைக் கசக்கினாள். கடைசியில் மண்ணெண்ணெய் கேனைத் திறந்து முகத்தருகே பிடித்தாள். எல்லாமே தண்ணீர் மாதிரிதான் இருந்தது. கேனை மூடிவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். வேறு எந்த வேலையில் இருப்பவளாக இருந்தாலும் இதற்கு இப்படி உட்கார்ந்துவிட்டிருக்கமாட்டாள். மாரிசெல்விக்கு அந்த மூக்கில்தான் பிழைப்பு.

ஒரகடம் சாலையில் இருந்த அந்த உருளைக்கிழங்கு வறுவல் தொழிற்சாலையை ஊரில் எல்லோரும் சிப்ஸ் கம்பெனி என்றுதான் சொல்வார்கள். உடன்குடியில் இருந்து கல்யாணமாகி வந்த மாரிசெல்வி அங்கே முதலில் பேக்கிங்கில் நின்றாள். வாரத்துக்கு ஒரு ஷிப்ட். காலை, மாலை, நைட் என்று மாறி மாறி உடம்பை உருட்டிப்போடும் வேலை. புருஷன் மணிகண்டபிரபு டிரெய்லர் ஓட்டுகிறவன். புதுக் கார்களை ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் மறு சம்பளம் வரும்போதுதான் வீட்டுப் பக்கம் முகம் தெரியும். பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள பாப்பம்மாள் இருந்தாள். ராத்திரிக்கு அவளை நம்ப முடியாது. அவள் வீட்டுக்காரர் குடித்துவிட்டு வந்தால் பாப்பம்மாளே வெளியில்தான் கிடப்பாள். நைட் ஷிப்ட் வாரங்களில் மாரிசெல்வி லீவு போட்டாள், கெஞ்சினாள், மாற்றிக்கொண்டாள். உடன்குடியில் இருந்து மாமியார் சொர்ணம்மாள் போன் போட்டு உயிரைத் தின்றுகொண்டிருந்தாள்.

"புள்ளைய இங்க அனுப்பு. கம்பெனி வேலைக்குப் போறவளுக்குப் புள்ள எதுக்குங்கேன்? பால்வாடிக்கு நான் கூட்டிட்டுப் போய்க்கிடுவேன். நீ தீவாளிக்கு வந்து பாத்துட்டுப் போ."

அந்தச் சமயத்தில்தான் கம்பெனியில் சுவை பார்க்க ஆள் எடுத்தார்கள். பேக்கிங் பெண்களை வரிசையாக உட்காரவைத்து உப்புத்தண்ணி, சர்க்கரைத்தண்ணி, நாலைந்து வகை எண்ணெய் எல்லாம் கொடுத்துப் பார்த்ததில் மாரிசெல்வி தேறினாள். சுவை ரூமுக்குப் பகல் வேலை மட்டும்தான். காலையில் கம்பெனி பஸ், சாயங்காலம் வீடு. சம்பளம் ஏறியதுகூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. ராத்திரி பிள்ளையை அணைத்துக்கொண்டு தூங்கலாம் என்பதுதான் பெரிதாகப் பட்டது. சொர்ணம்மாளின் வாய் அடைத்ததும் அன்றைக்குத்தான்.

சுவை ரூம் என்றால் ஆள் நினைப்பது போலத் தின்றுகொண்டே இருக்கிற இடமில்லை. அங்கே போகிறவர்கள் பூ வைக்கக் கூடாது, பவுடர் போடக் கூடாது, முந்தைய நாள் ராத்திரி பூண்டு ஆகாது. லைனில் வறுத்து, பெரிய டிரம்மில் மசாலாத் தூள் போட்டு உருட்டி வருகிற சிப்ஸில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு தட்டு மேஜைக்கு வரும். முதலில் வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்க்க வேண்டும். ஓரம் காபிக்கொட்டை நிறத்துக்குப் போனால் கிழங்கில் சர்க்கரை ஏறிவிட்டது என்று அர்த்தம். விரலில் எடுத்து மசாலா எவ்வளவு ஒட்டுகிறது என்று பார்க்க வேண்டும். காதுப் பக்கம் வைத்து ஒடித்தால் படக்கென்று ஒரே சத்தம் வர வேண்டும். மொறமொறப்பு இழுத்தால் பாக்கெட்டில் போய் நமத்துவிடும். பிறகுதான் வாயில் போடுவது. முதல் கடியில் உப்பு, அதன் பின்னால் புளிப்பும் காரமும், கடைசியாக, மென்றதைப் பீங்கான் குவளையில் துப்பிய பிறகு நாக்கில் தங்குகிற எண்ணெய். எண்ணெய் பழசாகிக் காறல் எடுத்திருந்தால் அந்தக் கடைசி இடத்தில்தான் தெரியும். அதற்கப்புறம் நாலு பொரி, வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு மடக்கு, அடுத்த தட்டு. நல்லதென்றால் பச்சை வில்லை, ஆகாதென்றால் சிவப்பு வில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாது. வில்லையைக் கவிழ்த்து வைத்துவிட்டு எல்லோரும் சேர்ந்து திருப்ப வேண்டும்.

மூக்கு போன பிறகு மாரிசெல்விக்கு மிஞ்சியது நாக்கு மட்டும். உப்பு தெரிந்தது, புளிப்பு தெரிந்தது, மிளகாய் சுட்டது. புதினாவா வெங்காயமா என்பதைத் தட்டில் இருந்த பச்சைப் பொட்டையும் வெள்ளைப் பொடியையும் பார்த்துத் தெரிந்துகொண்டாள். எண்ணெய் மட்டும் அடியோடு போய்விட்டது. சிங்கப்பெருமாள் கோவில் கடைத்தெருவில் ஒரு டாக்டரைப் பார்த்தாள். அவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ஜுரத்துல நரம்பு அடி வாங்கியிருக்கும்மா. வரலாம். வராமலும் போகலாம்," என்று சொல்லி மாத்திரை எழுதினார். அவள் அழுதுகொண்டே ஷேர் ஆட்டோவில் வந்தாள். பக்கத்தில் இருந்த பையன்கள் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து இடம் விட்டு உட்கார்ந்தார்கள்.

அந்த மேஜையில் அவளுக்கு எதிர்ப்பக்கம் உட்காருகிறவள் தாயாரம்மாள். பிள்ளைப்பாக்கத்துக்காரி, ஐம்பதை நெருங்கியவள், கம்பெனி தொடங்கிய நாளில் இருந்து அந்த நாற்காலியில் இருப்பவள். அவளுக்கே தெரியாத ஒரு பழக்கம் அவளிடம் இருந்தது. தட்டு நன்றாக இருந்தால் சட்டப்படி ஒரு மடக்குத் தண்ணீர். காறலோ கருகலோ இருந்துவிட்டால் வாயில் இருந்து அதைக் கழுவித் தள்ளுவதுபோல இரண்டு மடக்கு. மாரிசெல்வி முகத்தைப் பார்க்கவில்லை, விதியை மீறவில்லை. தாயாரம்மாளின் டம்ளரை மட்டும் பார்த்தாள். அது இரண்டாம் தரம் மேலே போனால் சிவப்பு. போகாவிட்டால் பச்சை. இப்படியே ஆவணி ஓடிவிட்டது. ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் இருந்து இறங்கும்போது ஒரு நாள் தப்பியது என்று எண்ணிக்கொள்வாள்.

மூன்றாவது நாற்காலிக்கு அப்போதுதான் தேவிப்பிரியா வந்திருந்தாள். வாலாஜாபாத் பெண், கான்ட்ராக்ட். பேசுவதற்குக்கூடப் பயப்படுகிறவள்.

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை அன்று முதல் தட்டாகத் தக்காளி மசாலா மேஜைக்கு வந்தது. மாரிசெல்வி நிறம் பார்த்தாள், ஒடித்தாள், மென்றாள். உப்பு சரி, புளிப்பு சரி. துப்பிவிட்டுக் கண்ணை டம்ளருக்கு விட்டாள். தாயாரம்மாள் சிப்ஸை வாய்க்குக் கொண்டுபோனாள், குவளைப் பக்கம் குனிந்தாள், நிமிர்ந்தாள். தண்ணீரைத் தொடவே இல்லை. இரண்டு மடக்கு இல்லை என்றால் பச்சை. மாரிசெல்வியின் கை தயங்காமல் பச்சை வில்லைக்குப் போனது. ஒரு மூச்சுக்குப் பிறகு தாயாரம்மாளும் வைத்தாள்.

திருப்பியபோது இரண்டு பச்சை, ஒரு சிவப்பு.

தர அதிகாரி நரசிம்மன் தேவிப்பிரியாவைப் பார்த்தார். "என்னம்மா, ரெட்?"

"சிக்கு வாடை வருது சார். எண்ணெ ஒரு மாதிரி..."

"ரெண்டு சீனியர் ஓகேங்கறாங்க. நேத்து வந்தவ உனக்கு மட்டும் வருதா? கைல என்ன க்ரீம் போட்ருக்க?"

"ஒண்ணும் போடல சார்."

"இன்னொரு தடவ பாரு. லாரி நிக்குது."

அவள் இன்னொரு தடவை மென்றாள். இரண்டு சீனியர்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வில்லையை எடுத்துப் பச்சையாக மாற்றி வைத்தாள்.

பத்து நாள் கழித்து அந்தச் சரக்கு ஊர் ஊராகத் திரும்பி வந்தது. பிரித்த கடைக்காரர்கள் எல்லாம் ஒரே வார்த்தைதான் சொன்னார்களாம்: காறல். வறுக்கிற எண்ணெயை மாற்ற வேண்டிய ஷிப்டில் மாற்றாமல் விட்டிருந்தார்கள். அது வறுப்புப் பகுதியின் தப்பு. ஆனால் அதைப் பிடிப்பதற்கென்றே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்களே, அவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் மேலே இருந்து வந்த கேள்வி. மறுநாள் மூவரையும் கூப்பிடப்போவதாக நரசிம்மன் சொல்லிவிட்டுப் போனார்.

கேன்டீனில் கை கழுவும் இடத்தில் மாரிசெல்வி தாயாரம்மாளைப் பிடித்தாள்.

"அக்கா, அன்னைக்கு அந்தத் தட்டுல ஒங்களுக்கு ஒண்ணுமே தெரியலியா?"

"உனக்குத் தெரிலயா?"

"நீங்க தண்ணி குடிக்கலியேக்கா."

தாயாரம்மாள் குழாயை மூடினாள். "நான் தண்ணி குடிச்சா உனக்கு இன்னா, குடிக்காட்டி உனக்கு இன்னா?"

இனிமேல் மறைப்பதற்கு என்ன இருக்கிறது? மாரிசெல்வி சொல்லிவிட்டாள். ஜுரம், மூக்கு, டம்ளர், எல்லாவற்றையும். தாயாரம்மாளின் முகம் போன போக்கைப் பார்த்து, கத்தப்போகிறாள் என்று சுவரோடு ஒட்டிக்கொண்டாள். தாயாரம்மாள் கத்தவில்லை. ஈரக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு அப்படியே சிமென்ட் கட்டையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அடிப்பாவி. அன்னிக்கு எனுக்கு ஒருபொழுதுடி. பெருமாளுக்குத் தளிகை போட்டு, அப்புறம்தான் பச்சத்தண்ணியே. லீவு கேட்டேன், அந்தாளு குடுக்கல. சிப்ஸ வாயண்ட கொண்டுபோயி அப்படியே குவளையில போட்டேன். நீ டக்குனு பச்ச எடுத்தியா, செல்வி நாக்கு தப்பாதுன்னு நானும் வெச்சேன்."

"நான் ஒங்கள நம்பித்தானக்கா வச்சேன்!"

"நான் உன்னிய நம்பி வெச்சேன்டி!"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தாயாரம்மாளுக்குச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து பாதியில் இருமலாக மாறியது. மாரிசெல்விக்கு அதுகூட வரவில்லை. அந்தத் தட்டை உண்மையாக ருசி பார்த்தவள் ஒருத்திதான். அவளுடைய வில்லையை இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து மாற்ற வைத்திருந்தார்கள்.

மறுநாள் நரசிம்மன் கதவைச் சாத்திவிட்டு, திரும்பி வந்த பாக்கெட் ஒன்றைக் கத்தரித்துத் தட்டில் கொட்டினார். "இப்ப சாப்ட்டுப் பாருங்க."

மூவரும் எடுத்தார்கள். தாயாரம்மாள் மெல்லும்போதே முகத்தைச் சுளித்தாள். தேவிப்பிரியா வாயைப் பொத்திக்கொண்டாள். மாரிசெல்விக்கு உப்பு, புளிப்பு, கொஞ்சம் காரம். நன்றாகக்கூட இருந்தது. மற்ற இருவரையும் பார்த்து அவளும் முகத்தைச் சுளித்தாள். கொஞ்சம் தாமதமாகச் சுளித்தாள். நரசிம்மன் கவனிக்கவில்லை. தேவிப்பிரியா கவனித்தாள். அவள் கண்கள் மாரிசெல்வியின் முகத்திலேயே நின்றுவிட்டன.

"எனக்கு என்ன தோணுதுன்னா," நரசிம்மன் நாற்காலியில் சாய்ந்தார், "இவங்க ரெண்டு பேரும் பழைய ஆளுங்க. நானே செலக்ட் பண்ணேன். புதுசா வந்த பொண்ணு டேபிள்ல பேசிப் பேசிக் குழப்பிடுச்சு. கான்ட்ராக்ட்தான, இந்த மாசத்தோட முடிச்சுக்கலாம். மேல அப்படியே எழுதிடறேன். நீங்க ரெண்டு பேரும் ஆமான்னு சொன்னாப் போதும்."

தேவிப்பிரியா, "சார், நான் சொன்னேன் சார், வாடை வருதுன்னு..." என்று தொடங்கி, முடிக்க முடியாமல் அழ ஆரம்பித்தாள். "எங்க வூட்ல நான் ஒருத்திதான் சார் வேலைக்குப் போறேன்."

ஆமாம் என்று ஒரு தலையசைப்பு. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. மாரிசெல்விக்கு உடன்குடி வீட்டு வாசல் கண்ணுக்குள் வந்தது. சொர்ணம்மாள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறாள், பிள்ளை யாரோ வந்திருக்கிறார்கள் என்று தன்னைப் பார்க்கிறது. தலையை அசைத்துவிடத்தான் நினைத்தாள். கழுத்து பாதி இறங்கியும்விட்டது. அசைத்துவிட்டால் நாளைக்கும் இந்த மேஜை, நாளை மறுநாளும் இந்த மேஜை, ஒவ்வொரு தட்டுக்கும் இன்னொருத்தியின் டம்ளர். அடுத்த காறல் வரும்போது சொல்வதற்கு எதிரே இந்தப் பெண்ணும் இருக்கமாட்டாள்.

"சார், எனக்கு வாடையே தெரியாது," என்றாள்.

நரசிம்மனுக்குப் புரியவில்லை. "என்னது?"

"ஆடியில காய்ச்ச வந்துச்சுல்லா, அதுல இருந்து மூக்கு செத்துப்போச்சு சார். இப்பமும் ஒண்ணும் தெரியல. இவிய மொகத்தப் பாத்துத்தான் நானும் சுளிச்சேன். இந்தப் பிள்ள அன்னைக்குச் சரியாத்தான் சொன்னா."

மாரிசெல்வி தாயாரம்மாளைப் பார்த்தாள். இப்போது அவள் சொல்வாள், அவளும் அன்றைக்கு வாயில் போடவில்லை என்று சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தாள். தாயாரம்மாள் மேஜை ஓரத்தில் ஒட்டியிருந்த மசாலாத் தூளை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தாள்.

"ரெண்டு மாசமா சம்பளம் வாங்கிட்டு உக்காந்திருக்க," என்றார் நரசிம்மன். அவருக்குக் கோபத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது. "வேலைய விட்டே தூக்கணும். இத்தன நாள் பாத்த வேலைக்காக விடறேன். திங்கள்ல இருந்து பேக்கிங். அந்த வாரம் அங்க நைட்டு ரொட்டேஷன், தெரியுமில்ல?"

தெரியும்.

சாயங்காலம் பஸ்ஸில் தாயாரம்மாள் தானாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரகடம் கூட்டு ரோடு தாண்டியதும் மாரிசெல்விதான் தொடங்கினாள்.

"நீங்களும் சொல்லியிருக்கலாம்லக்கா."

"சொல்லியிருக்கலாம்."

"ஒத்த வார்த்த. என்னய மட்டும் அந்தாளு முன்னால விட்டுட்டு, தூளச் சொரண்டிட்டு இருந்திய."

"சொல்லியிருந்தா ரெண்டு பேரும் நைட்டுக்குப் போயிருப்போம்டி," தாயாரம்மாள் சன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னாள். "இப்போ ஒருத்தியாச்சும் பகல்ல கீறேன். ராத்திரிக்கு வூட்ல கீறேன். உம் புள்ளயக் கொண்டாந்து எங்கிட்ட வுடு. எம் புள்ளைங்கோ கல்யாணமாயிப் போயிட்டானுங்க, வூடு சும்மாதான் கெடக்குது."

மாரிசெல்விக்கு அவள் கன்னத்தில் அறைய வேண்டும் போல இருந்தது. இந்த யோசனை அந்த அறையிலேயே இவளுக்கு வந்ததா, அல்லது தப்பித்த பிறகு பஸ் ஏறும்போது வந்ததா? கேட்கவில்லை. கேட்டு, தப்பான பதில் வந்துவிட்டால், பிள்ளையை விடுவதற்கு அந்த வீடும் இருக்காது.

"அவ ராத்திரி எந்திரிச்சி அழுவா," என்றாள்.

"அழட்டும். எல்லாப் புள்ளயும்தான் அழுது."

பஸ்ஸை விட்டு இறங்கி எஸ்.டி.டி. பூத்துக்குப் போனாள். சேதி எப்படியும் உடன்குடிக்குப் போய்விடும். மணிகண்டபிரபு வண்டி நிறுத்துகிற இடத்தில் இருந்தெல்லாம் அம்மாவுக்குப் போன் போடுகிறவன். அதற்கு முன்னால் தானே சொல்லிவிடுவது நல்லது.

"நைட்டு ஷிப்டா?" சொர்ணம்மாளின் குரல் கம்பிக்குள் உயர்ந்தது. "அப்ப புள்ள?"

"இங்க ஒரு அக்கா இருக்காவ, அத்த. கூட வேல பாக்கவிய. அவிய வீட்ல விட்டுட்டுப் போவேன். மூணு வாரத்துல ஒரு வாரந்தான்."

"எவ அவ? என்ன ஆளுவ?"

"தெரியாது. நான் கேக்கல."

"கேக்கலியாம்! ஊரு பேரு தெரியாதவ வீட்ல எம் பேத்திய ராத்திரி போடப் போறாளாம். ஏட்டி, ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? நான் வாரேன். அடுத்த வாரம் ஞாயித்துக்கெழம ரயிலேறுதேன். துணிமணிய எடுத்து வையி."

"அத்த, வந்து பாருங்க. பாத்துட்டு..."

"பாக்கதுக்கு நான் வரல," என்றாள் சொர்ணம்மாள். போன் வைக்கப்பட்டது.

திங்கட்கிழமை சாயங்காலம் மாரிசெல்வி கனிஷ்காவைக் குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டி, ஒரு பையில் அவளுடைய போர்வையையும் மாற்று உடுப்பையும் வைத்துக்கொண்டு பிள்ளைப்பாக்கம் போனாள். தாயாரம்மாள் வீடு முழுக்கப் பெருக்கி, புதுப் பாய் விரித்து வைத்திருந்தாள். குழந்தை அவள் மூக்குத்தியை வேடிக்கை பார்த்தது. பிறகு அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டது. தாயாரம்மாள் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"நீ போ. நின்னுகினு இருந்தா இன்னும்தான் அழும். போடி, பஸ்சு போயிடும்."

அழுகைச் சத்தம் தெருமுனை வரை வந்தது. கம்பெனி பஸ் வந்து நின்றது. மாரிசெல்வி ஏறி, பின்னால் இருந்த காலி இருக்கையில் உட்கார்ந்து, ஞாயிற்றுக்கிழமைக்குள் சொர்ணம்மாளிடம் என்ன சொல்வது என்று யோசிக்க ஆரம்பித்தாள். தாயாரம்மாளை நல்லவள் என்று சொல்ல வேண்டும். அதை எந்த வார்த்தையில் தொடங்குவது என்றுதான் தெரியவில்லை.